காசும் கரையாமல், பாதியில் அலுக்காமல்: சிங்கப்பூரில் கேம் வாங்கப் பழகுவோருக்கு

மலிவான கேமுக்கு இன்றைக்குப் பஞ்சமே கிடையாது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தள்ளுபடிக் காலம் வந்தால் ஐந்து வெள்ளிக்கும் மூன்று வெள்ளிக்கும் கொட்டிக் கிடக்கிறது. எபிக் கடையில் வாராவாரம் சும்மாவே தருகிறார்கள். கிடைக்கிறதே என்று வாங்கிக் குவித்தவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் பாதி கேம் தொடப்படாமல் கிடக்கும். மீதியில் பெரும்பகுதி மூன்றாம் நாளோடு நின்றிருக்கும். இரண்டிரண்டு வெள்ளிக்கு இருபது கேம் வாங்கி ஒன்றையும் முடிக்காதவர் கரைத்தது நாற்பது வெள்ளி. பன்னிரண்டு வெள்ளிக்கு ஒன்றே ஒன்று வாங்கி ரசித்து முடித்தவர்தான் கெட்டிக்காரர்.

சிக்கல் என்னவென்றால், முதல் ஒரு மணி நேரம் எந்த கேமும் நன்றாகத்தான் இருக்கும். செய்பவர்கள் அதிகம் இழைப்பது அந்தப் பகுதியைத்தான். விளம்பர வீடியோவில் வருவதும் அதுதான், விமர்சகர் எவரும் தவறாமல் பார்ப்பதும் அதுதான். வண்டவாளம் தெரிவது நடுவில். புது எதிரி வராது, புது வித்தை வராது, செய்ததையே வேறு நிறத்தில் திரும்பச் செய்யச் சொல்வார்கள். வாங்குவதற்கு முன்பே அந்த நடுப்பகுதியை எட்டிப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பெரிய வேலை முடிந்தது.

1. கையில் என்ன கருவி, எவ்வளவு நேரம்?

கேம் விளையாட இரண்டாயிரம் வெள்ளிக் கணினி வேண்டும் என்பது கடைக்காரர் பேச்சு. அலுவலகத்துக்கோ படிப்புக்கோ வாங்கிய சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும் நல்ல கேம்கள் ஏராளம். ஸ்டீமில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே குறைந்தபட்சத் தேவை என்று எழுதியிருக்கும். உங்கள் கணினியின் மெமரியையும் கிராஃபிக்ஸையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையா, கீழே நான் சொல்லப்போகும் கேம்களில் பெரும்பாலானவை அதில்லாமலே ஓடும்.

அதைவிட முக்கியம் நேரம். தேசிய சேவையில் இருக்கும் தம்பிக்கு வார இறுதிதான் கிடைக்கும். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு உட்காரும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரவில் முக்கால் மணி நேரம். ஷிஃப்ட் வேலைக்காரருக்கு நேரமே நிலையில்லை. நூறு மணி நேரக் கதை கேமை வாரம் இரண்டு மணி நேரம் என்று ஆடினால் ஒரு வருடம் ஆகும். நடுவில் கதை மறந்துபோகும், எந்தப் பட்டன் எதற்கு என்பதும் மறந்துபோகும். அலுத்துவிட்டது என்று பலர் சொல்வது உண்மையில் இந்த மறதியைத்தான்.

‘ஹவ் லாங் டு பீட்’ என்ற தளத்தில் எந்த கேமுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஆடியவர்களே பதிந்துவைத்திருக்கிறார்கள். கதை மட்டும், கதையோடு கொசுறு வேலைகள், ஒன்று விடாமல் எல்லாம் என மூன்று கணக்கு இருக்கும். முதல் கணக்கை எடுத்து, உங்கள் வார நேரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் போனால் முதல் கேமாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கு அடிக்கடி கேட்கும்: ‘பத்து வெள்ளிக்கு ஐம்பது மணி நேரம், ஒரு மணிக்கு இருபது காசு, கொள்ளை மலிவு!’ எனக்கு இது ஒட்டவே ஒட்டாது. அந்த ஐம்பதில் முப்பது மணி நேரம் மரம் வெட்டுவதும் மூட்டை தூக்குவதுமாக இருந்தால், அது காசு கொடுத்து வாங்கிய கூலி வேலை. இதற்கு நேர் எதிர் ‘வெண்பா’ என்ற கேம். டொரொன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவிடமிருந்து வந்த கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்கும் புதிர்கள். முதலிலேயே இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று யோசிக்க வைப்பார்கள். வீட்டில் இட்லி அவித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதும் கிடைத்தது. இவ்வளவு சின்ன கேமுக்கு இந்த விலையா என்று முணுமுணுப்பவர்கள் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். ஆனால் சலிப்புக்கு இடமே கொடுக்காத கேம் அது.

2. எந்த வகை கடைசி வரை தாக்குப்பிடிக்கும்?

என் அனுபவத்தில் மூன்று வகை அநேகமாக ஏமாற்றுவதில்லை.

முதலாவது, ஒவ்வொரு ஆட்டமும் புதிதாகத் தொடங்கும் வகை. 2019இல் முழுமையாக வெளியான ‘ஸ்லே த ஸ்பயர்’ இதற்கு நல்ல உதாரணம். கோபுரத்தில் ஏறும்போது கிடைக்கும் சீட்டுகளை வைத்து ஒரு கட்டு சேர்க்க வேண்டும்; செத்தால் கட்டு போய்விடும், மறுபடி அடியிலிருந்து. சீட்டும் எதிரியும் ஒவ்வொரு முறையும் மாறுவதால் நடுப்பகுதி என்று தொய்ய ஒன்றும் இல்லை. 2024இல் வந்த ‘பலாட்ரோ’வும் இதே குடும்பம், போக்கர் சீட்டுச் சேர்க்கைகளின் மதிப்பை ஜோக்கர் சீட்டுகளால் பெருக்கிப் பெருக்கி எண்ணைத் தாறுமாறாக ஏற்றுவது. சூதாட்டமோ என்று பெற்றோர் பயப்பட வேண்டாம், உண்மைப் பணம் எதுவும் புழங்காது. ஐரோப்பியத் தரமதிப்பீட்டு அமைப்பே 18 வயது முத்திரை குத்தி, பிறகு 2025இல் 12க்கு இறக்கியது. இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ‘வேம்பயர் சர்வைவர்ஸ்’. முழு விலையே பத்து வெள்ளிக்குள்தான். ஒரு சுற்று அரை மணி நேரம். நடந்தால் போதும், ஆயுதம் தானாகவே சுடும். கேமே ஆடாதவர்கள்கூட ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள்.

இரண்டாவது, வித்தையை மாற்றிக்கொண்டே போகும் புதிர் கேம்கள். 2011இல் வந்த ‘போர்ட்டல் 2’ஐ இன்றைக்கும் நான் முதலில் சொல்வதற்குக் காரணம் அதன் நடுப்பகுதிதான். சுவரில் இரண்டு வாசல் திறந்து ஒன்றில் புகுந்து மற்றதில் வெளிவரும் வித்தை பழகிப்போனது என்று நாம் நினைக்கும் நேரத்தில், தரையில் கொட்டினால் துள்ள வைக்கும் நீல நிறக் கூழும் வழுக்கிக்கொண்டு ஓட வைக்கும் ஆரஞ்சுக் கூழும் வந்து சேரும். தெரிந்த புதிரெல்லாம் தலைகீழாகும். போதாக்குறைக்கு, இருவர் சேர்ந்து ஆட முற்றிலும் வேறான ஒரு பகுதியும் உண்டு. பழைய கேம் என்பதால் தள்ளுபடியில் விலை அடிமட்டத்துக்கு வரும்.

மூன்றாவது, தன் அளவு தெரிந்த சின்ன சாகசங்கள். நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரின் ஜென்டில்பிரோஸ் செய்த ‘கேட் குவெஸ்ட்’, 2017. பூனை வாளெடுத்துச் சுற்றும்; வரைபடம் சின்னது, குகைகள் குட்டி, ஒவ்வொரு பணியும் சில நிமிடம். ஒரு குகை அலுப்பதற்குள் வெளியே வந்துவிடுவோம். இரண்டாம், மூன்றாம் பாகங்களில் இருவர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். தம்பி தங்கை இருக்கும் வீட்டுக்கு அது தோது.

எல்லோரும் சிபாரிசு செய்யும் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. ‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016இல் வெளியிட்டார், அருமையான பண்ணை கேம், கொடுத்த காசுக்கு மேல். ஆனால் முடிவு என்று ஒன்று கறாராக இல்லாததால் சிலருக்குத் தண்ணீர் ஊற்றுவதே வாழ்க்கையாகிவிடும். அந்தக் கேமின் ஊரில் பாழடைந்து கிடக்கும் சமூகக் கூடத்தைச் சீரமைத்து முடிப்பதை உங்கள் எல்லையாக வைத்துக்கொண்டால் தொய்வு தெரியாது. அடுத்தது ‘ஹாலோ நைட்’, 2017. விலைக்குக் கிடைக்கும் சரக்கைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஆனாலும் புதியவருக்கு முதல் கேமாக நான் தர மாட்டேன். வழி தெரியாமல் மணிக்கணக்கில் சுற்றுவதும், ஒரே எதிரியிடம் விடாமல் உதை வாங்குவதும் பழகியவருக்குத்தான் இன்பம்.

3. நடுப்பகுதியை எட்டிப் பார்ப்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. மூன்று வழி உண்டு.

முதல் வழி சாதனைப் பட்டியல். ஸ்டீமில் பெரும்பாலான கேம்களுக்குச் சாதனைகள் உண்டு, அதாவது ஒரு கட்டத்தை எட்டினால் கிடைக்கும் பதக்கங்கள். ஒவ்வொன்றையும் மொத்த ஆட்டக்காரர்களில் எத்தனை சதவீதம் பேர் எட்டினார்கள் என்பது வாங்காதவருக்கும் தெரியும். கதை நகர நகரத் தானாகக் கிடைக்கும் சாதனைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஒரு பேச்சுக்கு, முதல் அத்தியாயத்தை முடித்தவர்கள் 70%, இரண்டாவதை 62%, மூன்றாவதை 30%, கடைசியை 24% என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஏதோ ஒரு பள்ளம் இருக்கிறது; பாதிப் பேர் அங்கேதான் கழன்றுகொண்டிருக்கிறார்கள். அதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முடித்திருக்கிறார்கள். இதுவே 70, 61, 54, 48 என்று சீராக இறங்கினால் கேம் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றைக் கவனியுங்கள்: முடித்தவர்களின் சதவீதத்தை நூறோடு ஒப்பிடக் கூடாது. தள்ளுபடியில் வாங்கித் திறந்து பார்த்ததோடு விட்டவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். முதல் அத்தியாயத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, குறை சொல்பவர்களின் விமர்சனம். ‘சூப்பர்’, ‘பத்துக்குப் பத்து’ என்பதில் நமக்கு ஒரு தகவலும் இல்லை. ஸ்டீம் விமர்சனப் பகுதியில் எதிர்மறை விமர்சனங்களை மட்டும் வடிகட்டலாம். ஆடிய நேரத்தை வைத்தும் வடிகட்டலாம். பத்து இருபது மணி நேரம் ஆடிவிட்டுக் குறை சொல்பவரைத் தேடிப் பிடியுங்கள். நான்கைந்து பேர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சுட்டினால் அது நிஜக் குறை. அவர்கள் சொல்லும் குறை உங்களுக்குக் குறையே இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். ‘ரொம்பச் சின்னது’ என்று ஒருவர் திட்டியதைப் பார்த்தே நான் வாங்கிய கேம்கள் உண்டு. அண்மைய விமர்சனம், மொத்த விமர்சனம் என இரண்டு வரி இருக்கும். மொத்தம் நன்றாக இருந்து அண்மையது மோசமாக இருந்தால், புது அப்டேட் எதையோ கெடுத்திருக்கிறது.

மூன்றாவது, யூடியூப். ஒருவர் முழு கேமையும் பதினைந்து பாகமாகப் போட்டிருந்தால் எட்டாவது பாகத்தைத் திறந்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். பிறகு முதல் பாகத்தில் இரண்டு நிமிடம். கை செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றேதானா? இடம் மட்டும் மாறி வேலை மாறவில்லை என்றால் யோசியுங்கள். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’, ‘ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்’ மாதிரி கண்டுபிடிப்பதே சுவையாக இருக்கும் கேம்களுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒருமுறை விடை தெரிந்துவிட்டால் அவற்றில் மிச்சம் ஒன்றுமில்லை.

4. விலை

தேறிய கேமை உடனே வாங்காமல் ஸ்டீமின் விருப்பப் பட்டியலான விஷ்லிஸ்டில் போடுங்கள். விலை இறங்கினால் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். அதுவரை ‘ஸ்டீம்டிபி’ தளத்தில் அந்த கேமின் விலை வரலாற்றைப் பாருங்கள். சிங்கப்பூர் வெள்ளியிலேயே காட்டும். இதுவரை எவ்வளவு கீழே வந்திருக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பது தெரிந்தால், ‘50% தள்ளுபடி’ என்ற பச்சைப் பெட்டியைப் பார்த்து மயங்க மாட்டீர்கள். பல கடைகளை ஒரே இடத்தில் ஒப்பிட ‘இஸ் தேர் எனி டீல்’ உதவும்.

ஸ்டீமின் பெரிய விற்பனைகள் ஆண்டின் நான்கு பருவத்துக்கும் ஒவ்வொன்றாக வருகின்றன. நம் நேரப்படி பின்னிரவு ஒன்று, இரண்டு மணிக்குத் தொடங்கும். அதற்காகக் கண்விழிக்க வேண்டாம். முன்பு இருந்த சில மணி நேர மின்னல் விற்பனைகளை 2015இலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் விலைதான் பொதுவாகக் கடைசி நாள் வரை. எபிக்கின் இலவச கேம் வியாழக்கிழமை இரவு பதினொன்று அல்லது நள்ளிரவில் மாறும். எடுத்துக்கொண்டால் கணக்கில் நிரந்தரமாக இருக்கும். ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் வாங்கும் கேம்களை நிறுவும் கோப்பான இன்ஸ்டாலரை இறக்கி நீங்களே வைத்துக்கொள்ளலாம், பழைய கேம் பிரியர்களுக்கு அதுதான் வீடு.

புதிய கேமுக்கு அவசரப்படாமல் ஒன்றிரண்டு வருடம் காத்திருப்பது விலைக்காக மட்டும் இல்லை. ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பரில் வந்தபோது இருந்த கோளாறுகளால் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே மாதக்கணக்கில் எடுத்துவைத்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் 2.0 வந்த பிறகு ஆடியவர்கள் ஆடியது கிட்டத்தட்ட வேறு கேம். பொறுத்தவர்கள் குறைந்த விலைக்கு நல்ல சரக்கைப் பெற்றார்கள்.

பொருள் சேவை வரியைப் பற்றிக் கேட்பார்கள். 2020 ஜனவரி முதல் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் வரி உண்டு. 2024 முதல் அது 9%. எந்தக் கடையாக இருந்தாலும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் தெரியும் தொகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு வணிகரிடம் சிங்கப்பூர் வெள்ளியிலேயே கட்டினாலும் சில வங்கி அட்டைகள் சின்னக் கட்டணம் ஒன்று போடும். அதையும் அட்டை விவரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் தொடங்கிய ஸ்டீம் கணக்கில் ரூபாய் விலை குறைவாகத் தெரியலாம். இங்கே குடியிருக்கும்போது நாட்டைச் சிங்கப்பூருக்கு மாற்றி இங்குள்ள அட்டையால் கட்டுவதுதான் முறை. இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு ஊர்விலைக்கு வாங்குவது விதிமீறல், கணக்கே முடங்கலாம். வாங்கிச் சேர்த்த கேம்கள் நாடு மாறினாலும் கூடவே வரும். ஊர் பேர் தெரியாத தளங்களில் பாதி விலைக்கு விற்கும் கீகளும், அதாவது கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடுகளும், வேண்டாம். திருட்டு அட்டையில் வாங்கியதாக இருந்தால் கேம் திடீரென்று பறிபோகும்.

ஒரே வீட்டில் பலர் இருந்தால் ஸ்டீம் குடும்ப வசதியைப் பயன்படுத்துங்கள். ஆறு பேர் வரை சேரலாம், ஒருவர் வாங்கியதை மற்றவரும் ஆடலாம். ஒரு பிரதி இருக்கும் கேமை ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அண்ணனுக்கும் தங்கைக்கும் அதில் வரும் சண்டையை ஸ்டீம் தீர்க்காது.

5. டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும்

பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்குப் பழைய பொருள் வாங்கி விற்கும் கேரசல் தளம்தான் முதல் நிறுத்தம். முடித்ததும் வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே மறுபடி விற்றுவிடலாம் என்பது டிஜிட்டலில் கிடைக்காத வசதி. கணக்குப் போட்டால் சில வெள்ளிக்கு ஒரு பெரிய கேம். சிம் லிம் ஸ்குவேரில் பழைய கேம் விற்கும் கடைகளிலும் ஒரு நடை பார்க்கலாம். முதலில் கேரசல் விலையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. உங்கள் பிளேஸ்டேஷனில் டிஸ்க் போடும் இடம் இருக்கிறதா? டிஜிட்டல் எடிஷன் வைத்துக்கொண்டு டிஸ்க் வாங்குபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டில் வாங்கியதானாலும் ஓடும்; ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளை வாங்கும்போது உங்கள் கணக்கின் வட்டாரமும் கார்ட்ரிட்ஜ் விற்கப்பட்ட வட்டாரமும் ஒத்துப்போக வேண்டும். சில பெட்டிகளுக்குள் கார்ட்ரிட்ஜே இருக்காது, ஒருமுறை பயன்படுத்தும் குறியீட்டுச் சீட்டுதான் இருக்கும். பழையதாக அதை வாங்கவே கூடாது. எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து, பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்து, பிறகு பேநவ் செய்யுங்கள். ‘முதலில் பணம் அனுப்புங்கள், இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்’ என்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவிச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் எண் 1799.

பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் பெட்டியின் மேல் ஏடிவி16, எம்18 முத்திரை இருக்கிறதா பாருங்கள். முதலாவது பதினாறு வயதுக்கு மேல் என்ற அறிவுரை, இரண்டாவது பதினெட்டுக்குக் கீழ் விற்கவே கூடாது என்ற கட்டுப்பாடு.

கைத்தொலைபேசி கேம்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இலவசம் என்று வருபவற்றில் பல, அலுப்பை உண்டாக்கி அதைத் தாண்டக் காசு கேட்கும்படியே செய்யப்பட்டவை. ஒரே விலையாகக் கட்டி வாங்கும் கேம்களைத் தேடுங்கள். மேலே சொன்ன சில, தொலைபேசியிலும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் சந்தா ஏற்கனவே இருந்தால் அதில் விளம்பரமில்லாத கேம்களும் சேர்ந்தே வருகின்றன, பலருக்கு இது தெரியாது.

6. வாங்கிய பிறகு முதல் இரண்டு மணி நேரம்

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ‘பிடிக்கவில்லை’ என்பதே போதும். ஆனால் கடிகாரம் கேம் திறந்ததும் ஓடத் தொடங்கிவிடும். திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் போச்சு. எனவே முழுதாக உட்கார முடிகிற நாளில் திறவுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எழுத்தின் அளவு, ஒலி, கன்ட்ரோலர் எல்லாம் சரியாகிவிட வேண்டும். கணினி திணறினால் அங்கேயே முடிவெடுத்துவிடலாம். அறிமுகக் காட்சிகளைத் தாண்டி, கேம் உங்களைத் தனியே விட்ட பிறகு நடப்பதைக் கவனியுங்கள். தொண்ணூறு நிமிடத்தில் நிறுத்துங்கள். அன்றிரவே முடிவு செய்ய வேண்டாம். அடுத்த நாள் எம்ஆர்டியில் நிற்கும்போது அந்தப் புதிரோ அந்த எதிரியோ தானாக நினைவுக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஐயோ, மறுபடி திறக்க வேண்டுமே என்று சுமையாகத் தோன்றினால் திருப்பிவிடுங்கள்.

இலவச மாதிரிப் பகுதியான டெமோ இருந்தால் இந்தச் சோதனையைச் செலவே இல்லாமல் செய்யலாம். ஆண்டுக்குச் சில முறை வரும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் வெளிவரப்போகும் கேம்களின் டெமோக்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அட்டைக்கா, ஸ்டீம் கணக்கிலேயே பணம் இருக்கும் வாலட்டுக்கா என்று கேட்பார்கள். அட்டைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகலாம். வாலட்டில் வாங்கிக்கொண்டால், விஷ்லிஸ்டில் காத்திருக்கும் அடுத்த கேமுக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.